கூட வந்தவரையும் உள்ளே கூப்பிடுங்கள்: என்.சி.டி. பிரிவில் புதிதாகச் சேரும் நர்ஸ்களுக்கு

சுகர், பி.பி., பக்கவாதம், இதயநோய் என்று மாதாமாதம் வருகிறவர்களைப் பார்க்கும் என்.சி.டி. (தொற்றா நோய்) பிரிவில் நீங்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையமாக இருக்கலாம், தாலுகா ஆஸ்பத்திரியாக இருக்கலாம். பி.பி. பார்ப்பது, விரலில் குத்திச் சுகர் பார்ப்பது, நோட்டில் ஏற்றுவது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது எல்லாம் சீக்கிரமே கைக்கு வந்துவிடும். கூட வந்திருக்கும் குடும்பத்தாரை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பதை மட்டும் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையும் இரவும் இன்சுலின் போடுகிறவருக்கு மாதம் 60 ஊசி. அதில் ஒன்றுகூட நம் கண்ணெதிரே போடப்படுவதில்லை. சாப்பாடு, மாத்திரை, காலில் வரும் புண், நடுராத்திரி மயக்கம் எல்லாமே வீட்டில் நடப்பவை. அங்கே நிற்பது மனைவி, மருமகள், மகன், பேத்தி. அவர்களைச் சீட்டு எடுத்துத் தருகிறவர், மாத்திரை வாங்கிப் போகிறவர் என்ற அளவிலேயே வைத்திருந்தால், டாக்டர் எழுதிய மருந்து நோட்டிலேயே நின்றுவிடும். குடும்பத்தாரைச் சேர்த்துக்கொள்வது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டுக்காரர் ஒருவரும் தங்கி, சிகிச்சையில் பங்கெடுப்பது பல பத்தாண்டுகளாக நடந்து வருகிறது.

முதல் படி: வீட்டில் வேலையைச் செய்கிறவர் யார் என்று கண்டுபிடியுங்கள்

நம் முன்னால் வந்து பேசுகிறவரும் வீட்டில் பார்த்துக்கொள்கிறவரும் பெரும்பாலும் ஒரே ஆளாக இருப்பதில்லை. திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் லீவுக்கு வந்திருப்பார். அப்பாவை வண்டியில் கூட்டி வந்து, "எல்லாம் கரெக்டா எடுத்துக்கிறாரு சிஸ்டர்" என்று அவரே பதில் சொல்வார். அக்கறையோடுதான் சொல்வார். ஆனால் இரவு மாத்திரையை எடுத்துக் கொடுப்பது, வாசல் பக்கம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் மருமகள். அவரிடம் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"நோயாளியைப் பார்த்துக்கொள்வது யார்?" என்று கேட்டால் எல்லோரும் "நாங்கதான்" என்பார்கள். அதனால் சின்னச் சின்ன வேலைகளைச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரை டப்பா வீட்டில் எங்கே இருக்கிறது? காலையில் முதலில் என்ன சாப்பிடுகிறார், அதைச் செய்து கொடுப்பது யார்? ஊசியை ஏற்றுவது யார்? ராத்திரி பக்கத்தில் படுப்பது யார்? இவற்றுக்கு யோசிக்காமல் பதில் சொல்கிறவர்தான் நமக்கு வேண்டிய ஆள். அவர் வந்திருந்தால் உள்ளே கூப்பிட்டு ஸ்டூல் போட்டு உட்காரச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் அவர் பெயரையும் போன் நம்பரையும் நோயாளியின் நோட்டில் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு, அடுத்த முறை அவரும் வரட்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.

இரண்டு விஷயங்களைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். ஆண் நோயாளியோடு பெரும்பாலும் மனைவி வந்துவிடுவார். பெண்ணுக்கு நோய் என்றால் அவர் தனியாகத்தான் பஸ் ஏறி வருவார். கேட்டால், "அவருக்கு வேலை சிஸ்டர், நானே வந்துடுவேன்" என்பார். இன்சுலின் போடும் பெண்ணாக இருந்தால் அப்படி விட்டுவிடாதீர்கள். அவருக்குச் சுகர் இறங்கி மயக்கம் வந்தால் என்ன செய்வது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். கணவரை ஒரு தடவையாவது வரச் சொல்லுங்கள்.

இன்னொன்று, முறை வைத்துப் பார்க்கும் வீடுகள். ஒரு மாதம் மூத்தவன் வீடு, அடுத்த மாதம் இளையவன் வீடு என்று பெரியவர்கள் மாறி மாறி இருப்பார்கள். போன மாதம் நீங்கள் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்த மருமகள் ஒருத்தி, இந்த மாதம் ஊசி போடுகிறவர் வேறொருத்தி. இந்த வீடுகளுக்கென்று ஒரு பையைத் தனியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நோட்டு, மாத்திரை, சுகர் மெஷின், ஊசி, நாம் எழுதிக் கொடுத்த தாள் எல்லாம் அதில் இருக்கட்டும். பாட்டி வீடு மாறும்போது பையும் கூடவே போகட்டும். வாய்ப்பு கிடைத்தால் இரண்டு மருமகள்களையும் ஒரே நாளில் வரவழைத்துப் பேசிவிடுங்கள்.

இரண்டாவது: நோயாளியிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்

"ஐயா, உங்க மருமககிட்ட ஊசி விஷயமா பேசலாமா?" இந்த ஒரு கேள்வி போதும். கேட்காமல் நேராகக் குடும்பத்தாரிடம் பேச ஆரம்பித்தால், எழுபது வயது மனிதர் தன் உடம்பைப் பற்றிப் பிறர் பேசுவதைச் சும்மா உட்கார்ந்து கேட்கும்படி ஆகிவிடும். அதற்கப்புறம் அவர் நம்மிடமும் பேசமாட்டார், மருமகள் சொல்வதையும் கேட்கமாட்டார். மகன் எதிரில், மருமகள் எதிரில் நோயாளியைத் திட்டவே கூடாது. "இனிப்பு சாப்பிட்டீங்களா?" என்று அதட்டினால் மறைக்கத்தான் கற்றுக்கொள்வார்.

சில விஷயங்களைத் தனியாகத்தான் கேட்க வேண்டும். குடிப் பழக்கம், தாம்பத்தியத்தில் உள்ள சிரமம், மருந்தைத் தெரிந்தே நிறுத்தியது போன்றவை. எச்.ஐ.வி. இருப்பவரின் நிலையை அவர் சம்மதமில்லாமல் பிறரிடம் வெளியிடுவது 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி கூடாது. கேட்பவர் சொந்த மகனாக இருந்தாலும் அந்தச் சம்மதம் வேண்டும்.

மூன்றாவது: சொல்லும் முன் கேளுங்கள்

நமக்குத் தெரிந்ததையெல்லாம் ஐந்து நிமிடத்தில் கொட்டிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். பார்த்துக்கொள்கிறவருக்குத் தெரிந்த பல விஷயங்கள் நமக்குத் தெரியாது. "போன தடவை வந்துட்டுப் போனதிலிருந்து வீட்ல என்ன மாறியிருக்கு?" என்று கேட்டுவிட்டு, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருங்கள்.

ஒரு மனைவி இப்படிச் சொல்வார்: "ராத்திரி ரெண்டு மணிக்கு பனியன் நனையுற மாதிரி வேர்க்குது சிஸ்டர். எழுப்பினா எரிஞ்சு விழறாரு. காலைல கேட்டா ஒண்ணுமே ஞாபகம் இல்லைங்கறாரு." வீட்டில் இதைக் கோபம் என்றோ வெக்கை என்றோ நினைத்திருப்பார்கள். இன்சுலின் போடுகிறவருக்கு இப்படி ஆகிறது என்றால் இரவில் சுகர் இறங்குகிறதோ என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். வெறும் வயிற்றில் பார்த்த ரிப்போர்ட்டில் இது தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. பக்கத்தில் படுத்திருந்தவருக்கு மட்டுமே தெரியும். இதை அப்படியே நோட்டில் எழுதி, டாக்டர் டோஸ் எழுதும் முன் அவர் கண்ணில் படும்படி வையுங்கள். குடும்பத்தாரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்வது என்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான். அவர்கள் கொண்டுவரும் தகவல் மருந்துச் சீட்டை மாற்ற வேண்டும்.

சாப்பாட்டையும் இதே மாதிரி கேளுங்கள். சுகர் என்றதும் சோற்றை அடியோடு நிறுத்தி, மூன்று வேளையும் கேழ்வரகுக் களி போடும் வீடுகள் உண்டு. அந்த மருமகள் நல்லது செய்வதாக நினைத்துத்தான் கிண்டுகிறார். பெரிய உருண்டையாகப் போட்டால் களியும் சுகரை ஏற்றத்தான் செய்யும், அளவுதான் முக்கியம் என்பதை அவர் முகம் வாடாமல் சொல்லுங்கள். வயதானவர்களுக்குச் சுகர் இலக்கையே டாக்டர்கள் கொஞ்சம் தளர்த்தித்தான் வைப்பார்கள். பட்டினி போட்டு சுகரைக் குறைப்பது அவர்களுக்கு ஆபத்து. வீட்டில் இருப்பவரைச் சாப்பாட்டுக்குக் காவல்காரராக்கினால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும்.

நான்காவது: ஒரு தடவைக்கு ஒரு வேலையைச் சொல்லிக் கொடுங்கள், செய்து காட்டச் சொல்லுங்கள்

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் தலையாட்டாத ஆளே கிடையாது. அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். "வீட்டுக்குப் போய் மாமாவுக்கு எப்படிப் போடுவீங்க, எனக்கு ஒரு தடவை செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள். தப்பு வந்தால், "நான் இன்னொரு தடவை காட்டறேன்" என்று நாமே திரும்பச் செய்ய வேண்டும். நாம் சொன்ன விதம் சரியில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

இன்சுலினைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் தப்பு நடந்தால் உயிருக்கே ஆபத்து. நம் நாட்டில் இரண்டு வலிமையில் இன்சுலின் கிடைக்கிறது. ஒரு மில்லிக்கு 40 யூனிட், ஒரு மில்லிக்கு 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100-க்கானது ஆரஞ்சு. அரசு ஆஸ்பத்திரியில் வாங்கிய மருந்து தீர்ந்து, வெளியே மெடிக்கலில் வாங்கும்போதுதான் குழப்பம் நடக்கும். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை ஏற்றினால் உள்ளே போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு! மாற்றி, 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை ஏற்றினால் போவது வெறும் 8 யூனிட். அதனால் ஒவ்வொரு தடவை வரும்போதும் பாட்டிலையும் சிரிஞ்சையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பாட்டிலில் இருக்கும் எண்ணையும் சிரிஞ்சில் இருக்கும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவரையே படிக்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் மூடியின் நிறத்தை மனதில் ஏற்றுங்கள். மெடிக்கலில் வேறு நிறம் கொடுத்தால் வாங்காமல் நமக்குப் போன் செய்ய வேண்டும்.

பால் மாதிரி கலங்கலாக இருக்கும் இன்சுலினை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்ட வேண்டும், குலுக்கக் கூடாது. தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, ஒவ்வொரு நாளும் இடம் மாற்றிப் போட வேண்டும். ஒரே இடத்தில் போட்டுப் போட்டுக் கட்டி தட்டியிருந்தால், அங்கே போடும் மருந்து ஒழுங்காக வேலை செய்யாது. கட்டியை அவர் விரலாலேயே தொட்டுப் பார்க்க வையுங்கள், அப்புறம் மறக்கமாட்டார். பிரிட்ஜ் இருந்தால் ஃப்ரீசரில் மட்டும் வைக்கக் கூடாது, உறைந்த மருந்து வீண். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஒரு மண்பானையில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னச் சட்டியை வைத்து, மருந்தைத் தண்ணீர் படாமல் மூடி, நிழலில் வைக்கலாம். ஊசி போடும் நேரத்தில் நோயாளி சாப்பிட மறுத்தாலோ வாந்தி எடுத்தாலோ வழக்கமான டோஸைப் போட்டுவிடாமல் நம்மைக் கூப்பிட வேண்டும் என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

அன்றைக்கு இவ்வளவு போதும். கால் பராமரிப்பு அடுத்த மாதத்துக்கு.

ஐந்தாவது: அவசரத்தை ஒத்திகை பாருங்கள்

சுகர் இறங்கும்போது என்ன செய்வது என்பதை நோயாளியையும் பார்த்துக்கொள்கிறவரையும் எதிரெதிரே உட்கார வைத்து ஒத்திகை பார்த்துவிடுங்கள். கை நடுக்கம், வேர்வை, படபடப்பு, பேச்சுக் குழறல், திடீர் எரிச்சல். மெஷின் இருந்தால் பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே இருந்தாலோ, மெஷினே இல்லையென்றாலோ உடனே மூன்று, நான்கு ஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்து, ஏறவில்லை என்றால் அதே அளவு இன்னொரு தடவை. தெளிந்ததும் இட்லியோ சோறோ சாப்பிட வைக்க வேண்டும்.

நினைவில்லாமல் கிடப்பவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றவே கூடாது. பதற்றத்தில் வீட்டில் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான், அது மூச்சுக்குழலில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி சுகர் மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தெளிந்த பிறகும் சில மணி நேரத்தில் திரும்ப இறங்கலாம். அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தே ஆக வேண்டும்.

ஆறாவது: ஒரே ஒரு தாள்

அச்சடித்த பத்துப் பக்கப் புத்தகத்தை யாரும் படிப்பதில்லை. ஒரு தாளில், உங்கள் கையெழுத்தில், அந்த நோயாளிக்கு மட்டும் பொருந்துவதை எழுதிக் கொடுங்கள். எந்த மாத்திரை எப்போது, என்ன கண்டால் நம்மைக் கூப்பிட வேண்டும், என்ன கண்டால் யோசிக்காமல் 108. இதயம் பலவீனமானவர் என்றால் தினமும் காலையில் எடை பார்த்து எழுத வேண்டும், மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் நீர் சேர்கிறது என்று நமக்குச் சொல்ல வேண்டும். சுகர்காரர் என்றால் இரவு படுக்கும் முன் பாதத்தையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், ஆணிக் காலைப் பிளேடால் சீவக் கூடாது. பி.பி. மெஷின் வாங்கியிருந்தால் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு பார்த்து, "நார்மல்" என்று எழுதாமல் எண்ணை எழுத வேண்டும். கீழே நம் பிரிவின் போன் நம்பர், மருத்துவ ஆலோசனைக்கு 104.

எதை அவர்கள் தலையில் கட்டக் கூடாது

குடும்பத்தாரைக் கூட்டாளி ஆக்குவது என்பது நம் வேலையை அவர்களிடம் தள்ளிவிடுவதாக ஆகிவிடக் கூடாது. இதற்கு நம் நாட்டிலேயே பெரிய பாடம் இருக்கிறது. பக்கவாத நோயாளிகளுக்கு வீட்டிலேயே குடும்பத்தாரைக் கொண்டு பயிற்சி கொடுத்தால் என்ன ஆகும் என்று இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் நடத்திய 'அட்டெண்ட்' ஆய்வு 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே இருந்தவர்களும் சேர்த்து இரு பிரிவிலும் 47 சதவீதம். பயிற்சி பெற்ற குடும்பத்தாருக்கும் பெறாத குடும்பத்தாருக்கும் வித்தியாசமே இல்லை. குடும்பத்தாரால் பயனில்லை என்று நான் இதைப் படிக்கவில்லை. பிசியோதெரபிஸ்ட் செய்ய வேண்டிய வேலையை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது என்றுதான் படிக்கிறேன்.

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரையோடு பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீடு தேடிப் போகின்றன. தகுதியுள்ளவரின் பெயரை அதில் சேர்த்துவிடுங்கள். பிசியோதெரபிஸ்ட் வரும் நேரத்தில் பார்த்துக்கொள்கிறவர் பக்கத்திலேயே நிற்கட்டும். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது, தோள் மூட்டு பாழாகிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார வைத்துத்தான் சாப்பாடு கொடுக்க வேண்டும். இப்படி, அவரால் நிஜமாகவே செய்ய முடிந்ததை மட்டும் கேளுங்கள்.

பள்ளிக்கூடம் போகும் பேத்திதான் பாட்டிக்கு ஊசி போடுகிறாள் என்று சில வீடுகளில் பெருமையாகச் சொல்வார்கள். அவளைப் பாராட்டுங்கள். ஆனால் பொறுப்பைப் பெரியவர் ஒருவர் கையில் மாற்றிவிடுங்கள். பரீட்சை நாளில் அந்தப் பிள்ளை ஊசிக்காக ஓடி வரக் கூடாது.

ஏழாவது: பார்த்துக்கொள்கிறவரையும் பாருங்கள்

நோயாளியின் பி.பி.யைப் பார்த்து முடித்ததும், "நீங்களும் கையை நீட்டுங்கம்மா" என்று சொல்லுங்கள். 30 வயது தாண்டியவருக்கு எப்படியும் சுகர், பி.பி. பரிசோதனை செய்ய வேண்டும் என்பது நம் திட்டத்திலேயே இருக்கிறது. கணவரைப் பல வருடம் பார்த்துக்கொண்டவருக்கே 160, 170 என்று பி.பி. இருக்கும், ஒரு நாளும் பார்த்திருக்கமாட்டார். "தூங்கறீங்களா? கடைசியா எப்போ உங்க அம்மா வீட்டுக்குப் போனீங்க?" என்று கேளுங்கள். சிலர் அங்கேயே அழுதுவிடுவார்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம், அழுது முடிக்கட்டும். மனபாரம் தாங்க முடியவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கொடுங்கள், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

வேலையைப் பிரிப்பதில் நம் வார்த்தைக்கு வீட்டில் மதிப்பு உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். மருமகள் சொன்னால் நடக்காதது, "சிஸ்டர் சொன்னாங்க" என்றால் நடக்கும். வெளியூர் மகன் மாதம் ஒரு தடவை மாத்திரைக்கும் டெஸ்டுக்கும் பொறுப்பு. உள்ளூர் மகள் ஞாயிற்றுக்கிழமை வந்து இருந்தால் மருமகள் வெளியே போய்வரலாம். நோட்டில் பெயர் போட்டு எழுதிக் கொடுங்கள்.

யாருமே வராதவர்

கூட வருவதற்கே ஆள் இல்லாதவர்கள் நிறைய. பிள்ளைகள் இல்லாதவர், இருந்தும் தனியாக இருப்பவர். "யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்று அவரிடம் மறுபடி மறுபடி சொல்வது அவரைக் குத்திக் காட்டுவது மாதிரி. அதற்குப் பதில், "உங்களுக்கு உடம்பு முடியலைன்னா யார் கதவைத் தட்டுவீங்க?" என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணோ, டீக்கடைக்காரரோ, யாரோ ஒரு பெயர் வரும். அவர் சம்மதித்தால் அந்த ஆளின் நம்பரை வாங்கி, சுகர் இறங்கினால் செய்ய வேண்டியதை மட்டும் போனில் சொல்லிக் கொடுங்கள். அந்தப் பகுதியின் சுகாதாரத் தன்னார்வலரிடமும் பெயரைச் சொல்லி வையுங்கள்.

கண் பார்வை மங்கி, சிரிஞ்சில் கோடு தெரியாமல், ஏற்றித் தரவும் ஆளில்லாமல் இருப்பவர் என்றால், அன்றே டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். இரண்டு வேளை ஊசியை ஒரு வேளையாக்கவோ, மாத்திரைக்கு மாற்றவோ, சுகர் இலக்கைத் தளர்த்தவோ அவரால் முடியும். ஆனால் வீட்டில் ஆளில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.